முழங்காலுக்குப் பின்னால் ஓர் அரிப்பு

மரபணுவில் கைவைத்து, ரத்த அழுத்தத்துக்கான மருந்தைத் தன் சதையிலேயே ஊறவைத்துக் காய்க்கும்படி செய்த தக்காளி அது. காலையில் இரண்டு, பச்சையாகத் தின்ன வேண்டும். சோதனையின் முதல் கட்டம் மூன்று மாதம். ஓய்வுபெற்ற லிஃப்ட்காரர் அதில் சேர்ந்தது உடம்புக்காக, நீடித்தது போனுக்காக.

தினம் பதினோரு மணிக்கு நர்ஸ் கூப்பிடுவாள். தூக்கம் எப்படி, தலை சுற்றுகிறதா, வயிறு எப்படி என்று பதினான்கு கேள்விகள். மனைவி போய் நான்கு வருடம். மகள் ஞாயிறுதோறும் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள்; பதில் வருவதற்குள் அங்கே யாரையோ அதட்டப் போய்விடுவாள். முப்பது வருடம் மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவரிடம் எல்லாரும் மாடி எண்ணை மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருடைய வயிற்றை விசாரிக்க ஒரு ஜீவன்! பத்தரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைசி வாரம் நர்ஸ் சொன்னாள்: "தொந்தரவு ஒண்ணும் இல்லன்னா வெள்ளிக்கிழமையோட போன் முடிஞ்சுதுங்க ஐயா. ஏதாவது இருந்தாத்தான் இன்னும் ஆறு மாசம் பாப்போம்."

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இடது முழங்காலுக்குப் பின்னாடி லேசா அரிக்குதும்மா."

போன் தொடர்ந்தது. அரிப்போ போனோடு நிற்கவில்லை. பத்தே நாளில் பத்திரிகைக்குப் போய்விட்டது. சோதனையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். தக்காளி தின்றவர்களெல்லாம் வந்தாக வேண்டும் என்று கடிதம்.

மேடையில் ஒரு பக்கம் பேராசிரியர். மனிதகுலத்தைக் காப்பாற்றிய களைப்பில் சாய்ந்திருந்தார். மறுபக்கம் இயற்கை உணவு இயக்கத் தலைவர். இப்போதுதான் பூமாதேவியிடம் கையெழுத்து வாங்கி வந்தவர் போன்ற முகம்.

"ஒரு முதியவரின் முழங்கால் கதறுகிறது!" என்றார் தலைவர்.

"புள்ளிவிவரப்படி அது அரிப்பே அல்ல," என்றார் பேராசிரியர்.

முழங்காலின் சொந்தக்காரர் ஏழாவது வரிசையில் இருந்தார். அவரைக் கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்கார அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை போட்டா எனக்கு வாந்திங்கண்ணே. இது ஒண்ணுதான் வயித்துல நிக்குது. மூணு மாசமாத்தான் தலை சுத்தாம மிஷின் மிதிக்கிறேன். எந்த மகராசனுக்கு அரிக்குதோ, சொறிஞ்சுட்டுப் போகக் கூடாதா?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அரிக்குதுன்னு சொன்னது நான்தான். அரிக்கல. பொய் சொல்லிட்டேன்."

அரங்கம் திரும்பியது. வாழ்க்கையில் முதல்முறையாக இருநூறு பேர் அவரைப் பார்த்தார்கள்.

"ஏன் சொன்னீங்க?" என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

"சும்மா," என்றார்.

"ஆளை விலைக்கு வாங்கிட்டாங்க!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். நம்ப முடியாத ஆளின் மற்ற பதில்களையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதுதான் என்று பேராசிரியர் அலுத்துக்கொண்டார். சோதனை தொடரும் என்று முடிவானது. தையல்கார அம்மா அவரை முறைத்தாள், கும்பிட்டாள், மறுபடி முறைத்தாள்.

வாசலில் ஒரு பெண் கோப்புகளோடு நின்றிருந்தாள். குரலைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது, பதினோரு மணி நர்ஸ். அவளுக்குப் படிவத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"பதினேழாம் நம்பரா? நீங்களா ஐயா?" பேனா படிவத்தின் மேலேயே நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "நிஜமா அரிக்கலையா? வேற ஏதாவது... நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

அவர் நிஜமாகவே யோசித்தார். முழங்கால், முதுகு, நெஞ்சு என்று உடம்பு முழுக்க ஒருமுறை தேடிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா."

அவள் கோப்பை மூடினாள். உனக்குத் தூக்கமெல்லாம் எப்படிம்மா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பதினெட்டாம் நம்பர் இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.