மூன்றாம் கன்னில் ஒரு விரிசல்

பிரிஸில்லா லேபில் வெல்டிங் மாதிரித் துண்டை மறுபடியும் தேய்ப்புச் சக்கரத்தில் அழுத்தினாள். தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது. மணி மூன்று பத்து. நாலு மணிக்குள் கார் கதவுகளோடு லாரி பொம்மனஹள்ளி தொழிற்சாலை கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஆர்டர் அம்பேல்!

"அது வெறும் கீறல் மேடம்," என்றார் வெல்டிங் ஃபோர்மேன் கிருஷ்ணப்பா, பதினோராவது தடவையாக.

"கீறல்னா தேய்ச்சா போயிடும் சார். விரிசல்னா போகாது. இருங்க."

துண்டைத் துடைத்து, ஆசிட் தடவி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். போகவில்லை. கறுப்பு மின்னலாய் அங்கேயே நின்றது. அளந்தாள். 0.32 மில்லிமீட்டர். அனுமதி 0.1தான்.

"எந்த வெல்டிங் கன்?"

"மூணு. மத்த அஞ்சு கன்னோட துண்டும் காலையிலயே பாஸ் ஆச்சே மேடம்."

இருவரும் அந்த கன்னிடம் ஓடினார்கள். துத்தநாகம் பூசிய தகடு அது. வெல்டிங் முனையில் சூடு மிஞ்சினால் துத்தநாகம் உருகி, இரும்புக்குள் இறங்கிப் பிளந்துவிடும். மூன்றாம் கன்னில் சூடு ஏன் மிஞ்சியது?

முனையைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைப் பிரிஸில்லா தொட்டாள். "ஆ!" கை சுட்டது.

முந்தாநாள் ஆயுத பூஜை. கன்னின் கழுத்தில் செவந்தி மாலை இன்னும் தொங்கியது. தானாகக் காய்ந்து விழும்வரை அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். மாலையை விலக்கினாள். அதன் நைலான் நூல் ரப்பர் குழாயின் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று, ஒரு பெருக்கல் குறி, மேலே குட்டி வளையம்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தாள்.

"நேத்து லீவு. இன்னைக்கு இந்த கன்ல எத்தனை கதவு?"

"நாப்பது."

"அதை மட்டும் இறக்குங்க. மிச்சம் போகட்டும்!"

மூன்று ஐம்பத்தெட்டுக்கு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. நூலை வெட்டி, புது முனை மாட்டிப் போட்ட துண்டில் விரிசல் மருந்துக்கும் இல்லை.

மேனேஜர் இராஜமாணிக்கம் போனில் கத்தினார்: "ரிப்போர்ட்ல பேரு வேணும்! மாலை கட்டின மகராசனுக்கு ஒரு மாசம் கேன்டீன் டீ கட்!"

கிருஷ்ணப்பாவின் முகம் சுருங்கியது. "பேடா மேடம், வேணாம். பத்துப் பேர் கட்டினாங்க. எல்லாம் என் பசங்க. யாருன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"பாவம் மேடம், விட்டுடுங்க. டீ இல்லாம செத்துடுவான்."

"ஊஹூம். எழுதியே ஆகணும்."

எழுதி நீட்டினாள். கிருஷ்ணப்பா பயந்துகொண்டே வாசித்தார்.

'கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு எங்கள் வீட்டில் வருஷாவருஷம் போடும் முடிச்சு. கட்டியவர்: பிரிஸில்லா, லேப்.'