ஆளுக்கொரு தொட்டி வெந்நீர்

எங்கள் வீட்டுப் பின்சுவரோரம் நிற்கும் கொதிகலன் கேஸில் ஓடி வெந்நீரும் தரும், கரண்டும் தரும். அதன் முணுமுணுப்பு எனக்கும் என் கணவர் யசுஜிக்கும் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு குவபாராவுக்கு மட்டும் கேட்கும். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது, தூங்க முடியவில்லை என்று நகராட்சி வரை போய்விட்டார். அன்றிலிருந்து இரவு பத்து முதல் காலை ஆறு வரை அதை நிறுத்தி வைக்கிறோம். இரண்டு வருடமாக அந்த மனுஷருக்கு நான் நல்ல முகம் காட்டியதில்லை.

ஜனவரிப் பனிப்பொழிவில் மின்கம்பிகள் அறுந்தது காலை ஆறே முக்காலுக்கு. கொதிகலனைப் போட்டு முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். ஒருமுறை நின்றுவிட்டால், வெளிக் கரண்ட் இல்லாமல் அது கிளம்பாது. யசுஜிக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடம். மூக்கில் குழாய், மறுமுனையில் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம். கைவசம் இருந்த ஒரே சிலிண்டர் மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். பாதை அடைபட்டிருக்கிறது, நாளை மதியம்தான் வர முடியும் என்று சிலிண்டர் கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள்.

இயந்திரத்தின் ஒயரைக் கொதிகலனில் இருந்து வரும் பிளக் பாயிண்டில் செருகினேன். ஊரே இருண்டு கிடக்கும்போது வெந்நீரை வீணாக்கலாமா என்று, பாத்திரத்தைக்கூடப் பச்சைத் தண்ணீரில் விறைக்க விறைக்கக் கழுவினேன். அங்கேதான் என் புத்தி பிசகியது. மதியம் இரண்டு மணிக்கு, கொதிகலனின் நிலவரம் காட்டும் சுவர்ப்பலகை கத்தியது. வெந்நீர்க்கலம் நிரம்பப் போகிறது, நிரம்பினால் நின்றுவிடும் என்றது. சூட்டுக்குப் போக்கிடம் இருந்தால்தான் கரண்ட்.

வெந்நீரைச் சாக்கடையில் திறந்துவிட எனக்குக் கை வரவில்லை. தெருவே குளிரில் நடுங்குகிறது, கூப்பிட்டுக் குளிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வழக்கப்படி வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் இறங்குவோம். இன்று அது ஆகாது, கலம் காலியாக வேண்டும். ஆளுக்கொரு தொட்டி, ஒருவர் ஏறியதும் கொட்டிவிட்டுப் புதிது. நினைக்கவே எனக்கு வயிறு எரிந்தது.

“மொதல்ல குவபாராவக் கூப்பிடு. அந்தத் தொந்தி எறங்குனா பாதித் தொட்டி தானா வெளிய கொட்டிரும்,” என்றார் யசுஜி, மூச்சு வாங்கிக்கொண்டே.

குவபாரா வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆற்றாமை.

“காலைல இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி கரண்ட் போயிருந்தா, உங்க தூக்கத்துக்காக அது நின்னுக்கிட்டு இருந்திருக்கும். இந்நேரம் எங்க வீட்டுக்கு நீங்க துண்டோட வரமாட்டீங்க, பூவோட வந்திருப்பீங்க.”

அவர் முகம் செத்துப்போயிற்று. துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் குளியல் அவருக்கு. பிறகு தெருவில் ஏழு பேர். எதிர்வீட்டுக்காரி இரண்டு தடவை குளித்தாள். பலகை அடங்கியது.

எல்லோரும் போன பிறகும் குவபாரா வாசலில் நின்றார்.

“இன்னிக்கு ராத்திரி ஓடட்டும்.”

“ஓடத்தான் போகுது. நீங்க தூங்கினாலும் சரி, தூங்காட்டியும் சரி.”

“அது உங்க ரெண்டு பேருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும். நாள் பூரா ஓடியாடிட்டீங்க, படுங்க. சத்தம் மாறுனா வந்து கதவத் தட்டறேன்.”

நான் கதவைச் சாத்தினேன். ஆனால் படுத்ததும் தூங்கிப்போனேன்.

விடியற்காலை கதவு தட்டும் சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். கண் இரண்டும் சிவந்து, தோளில் துண்டோடு குவபாரா நின்றார்.

“நிக்கல, பயப்படாதீங்க. ஆனா சத்தம் எறங்கிப் போச்சு, கலம் நெரம்பப் போகுதுன்னு நெனைக்கிறேன். குளிக்கட்டுமா?”

உள்ளே யசுஜியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்த் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.