ஏழு மாதமாக ஒரே பிப்ரவரி

தடுப்பூசிக் கிடங்கில் அவளை எல்லோரும் 'எட்டு டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் மருந்து வீண், எட்டுக்கு மேலே ஏறினாலும் வீண். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பதினான்கு வருடமாக அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டிக் கதவை யாராவது அரை நிமிடம் கூடுதலாகத் திறந்து வைத்தால் போதும், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கணினித் திரைக்கு முன்னால் வாயடைத்துப் போய் நின்றாள்.

திரை முழுக்க நீலம். நடுவில் இரண்டே வரி. சோதனைக் காலம் முடிந்துவிட்டது, உரிம எண்ணைக் கொடுத்தால்தான் மேற்கொண்டு திறக்கும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே இரண்டு வரிதான்.

வேறொரு நாளாக இருந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு மற்ற வேலையைப் பார்த்திருப்பாள். ஆனால் சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போன பிறகு மின்சாரம் போயிருக்கிறது. இரவு எட்டுக்குத்தான் வந்திருக்கிறது. ஜெனரேட்டர் ஒரு செருமல் செருமிவிட்டுப் படுத்துவிட்டது. காவலாளி அதை ஞாயிற்றுக்கிழமை இரவு சாவகாசமாகத் தொலைபேசியில் சொன்னார். விதிப்படி அவளே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள். பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார் என்று பதில் வந்தது.

பெட்டிகளுக்குள் பனிச்சுவர் உண்டு, மின்சாரம் இல்லாவிட்டாலும் நாலு மணி நேரம் தாங்கும். தாங்கியிருக்கும் என்று அவள் மனசு சொன்னது. மனசு சொல்வதை ஆய்வாளர் எழுதிக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிற உணர்கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் கணினிக்கு அனுப்பும்; கணினிக்குத் தனி இன்வர்ட்டர் இருந்ததால் மின்சாரம் போனாலும் பதிவு நிற்காது. அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி. அது இல்லையென்றால் உள்ளே இருக்கிற பதினோராயிரம் டோஸ் தட்டம்மை மருந்தையும் உலையில் போட்டு எரிக்க வேண்டியதுதான். அடுத்த சரக்கு வர நாலு மாதம் ஆகும். பக்கத்து வட்டாரத்தில் தட்டம்மை வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தது, போன வாரம் மட்டும் மூன்று குழந்தைகள் போய்விட்டன. மதியம் இரண்டு மணிக்கு வண்டி அங்கேதான் புறப்பட வேண்டும்.

கணினி ஏன் பூட்டிக்கொண்டது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய கணினி செத்து, புதிதாக வந்ததில் இயங்குதளத்தின் முப்பது நாள் சோதனைப் பிரதிதான் இருந்தது. உரிமம் வாங்கித் தரச் சொல்லி மூன்று முறை எழுதினாள். 'பார்க்கலாம்' என்று மூன்று முறை பதில் வந்தது. அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். சரி, நாமே ஒரு வழி பண்ணிக்கொள்வோம் என்று கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினாள். பிப்ரவரி முடிந்ததும் மறுபடி பிப்ரவரி ஒன்று. அதிலும் என்ன சாமர்த்தியம் பாருங்கள்: சரியாக இருபத்தெட்டு நாள் தள்ளினால் கிழமை மாறாது, யாருக்கும் சந்தேகம் வராது. இப்படி ஏழு முறை. வெளியே செப்டம்பர் ஆறாம் தேதி ஆகிவிட்டது. அந்தக் கணினிக்குள் மட்டும் பிப்ரவரி முடியவே இல்லை. இணையம் பட்டால் தேதி தானாகத் திருத்திக்கொள்ளும் என்று கம்பியைப் பிடுங்கியே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை பெருக்க வந்த காவலாளி, கம்பி கழன்று கிடக்கிறதே என்று பொறுப்பாகச் செருகிவிட்டார். பதினோரு வருடத்தில் அந்த மனுஷன் கேட்காமல் செய்த ஒரே வேலை அது.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். இருபது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு ஒரு குரல் வந்தது.

"உரிம எண் சொல்லுங்க மேடம்."

"அது வந்து... இல்லீங்க. உள்ள இருக்கிற பதிவை மட்டும் எடுக்கணும். குழந்தைங்க மருந்து."

"எண் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம். வாங்கிட்டுக் கூப்பிடுங்க. சரிபார்க்க மூணு வேலைநாள் ஆகும்."

தொலைபேசியை வைத்தாள். மணி எட்டு பத்து. இனி ஒரே ஆள்தான் பாக்கி. அந்த ஆளோடு ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அது அவளுடைய நாத்தனார். இரண்டு தெரு தள்ளிக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். கணினி வந்த மாதமே, "அண்ணி, லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்கு, போட்டுத் தரேன். உரிமமும் வேண்டாம், யார்கிட்டயும் கெஞ்சவும் வேண்டாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம், எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போடலாம்" என்று சொன்னவள். "சும்மா கொடுக்கிறவன் எதுக்குக் கொடுக்கிறான்? பின்னாடி ஏதாவது வெச்சிருப்பான். உன் ஓசிச் சரக்கை என் கிடங்குல கொண்டு வராதே" என்று இவள் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அதுவும் நாலு பேர் முன்னால். அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவள்தான்.

கௌரவம் பார்க்க நேரமில்லை. அழைத்தாள். பத்து நிமிடத்தில் நாத்தனார் தலையைக்கூட வாராமல் வந்து நின்றாள்.

"நாலு வார்த்தை கேக்கலாம்னுதான் கிளம்பினேன். உங்க மூஞ்சியைப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. தள்ளுங்க."

கணினியை அணைத்தாள், பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள், மறுபடி போட்டாள். நீலம் வரவில்லை. வேறொரு திரை அமைதியாக எழுந்தது.

"எண் கேக்கலையே?"

"கேக்காது. இது பென் டிரைவுலேர்ந்தே ஓடுது அண்ணி. பூட்டிக்கிட்டது உள்ள இருக்கிற சிஸ்டம். நாம அதை எழுப்பவே இல்ல. டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் திறக்கறேன், ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. அப்புறம் யாரும் நம்மளைக் குறை சொல்லக் கூடாதில்ல."

ஒரு மணி நேரம் துழாவிய பிறகு கோப்பு கிடைத்தது. திறந்தது. எண்கள் வரிசையாக ஓடின. நாத்தனார் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வெளி மின்சாரம் இல்லை என்ற குறி விழுந்த இடத்திலிருந்து பார்த்தார்கள். நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு. அதிகபட்சம் ஆறு புள்ளி எட்டு. எட்டைத் தொடவே இல்லை.

அவள் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். மருந்து நன்றாக இருக்கிறது. பதினோராயிரமும் நன்றாக இருக்கிறது. நாத்தனாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் வரிகளின் இடதுபக்கம் கண்ணில் பட்டது. பிப்ரவரி இருபது.

"இதென்ன அண்ணி தேதி?" என்று நாத்தனார் கேட்பதற்கும் வாசலில் ஆய்வாளரின் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. மனுஷர் இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

ஆய்வாளர் நின்றபடியே படித்தார். மேலே போனார், கீழே வந்தார். அந்தக் கோப்பில் பிப்ரவரி இருபது ஒன்றல்ல, எட்டு இருந்தது.

"சனிக்கிழமை செப்டம்பர் நாலு. இங்க பிப்ரவரி இருபது. அதுவும் எட்டு தடவை. இதுல எதும்மா சனிக்கிழமை?"

நாத்தனார் குனிந்து அவள் காதருகில் முணுமுணுத்தாள். "கடிகாரத்துக்கு பேட்டரி வீக், தானா பின்னாடி போயிருச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல."

அதை நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வேலையும் தப்பியிருக்கும். சொல்லப் போனால் நாக்கு நுனிவரை வந்தே விட்டது. ஆனால் ஆய்வாளர் முந்திக்கொண்டார்.

"மெஷின் தானா கோளாறு பண்ணியிருந்தா எந்தத் தேதியையும் நான் நம்ப முடியாது. மொத்தத்தையும் எரிக்கச் சொல்லி எழுதிடுவேன். உலைக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. அவள் எழுந்தாள்.

"கோளாறு இல்ல சார். நான்தான் மாத்தினேன்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். இவள் நிறுத்தவில்லை. உரிமம் இல்லாதது, இருபத்தெட்டு நாள் கணக்கு, பிடுங்கி வைத்த கம்பி, ஏழு முறை. ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். பதினான்கு வருடத்தில் யாரிடமும் தலைகுனிந்து நின்றதில்லை. ஆய்வாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சரி. நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம். எட்டாவது பிப்ரவரிதான் இந்த மாசம்னு எனக்கு எப்படித் தெரியும்? வரியை நீங்களே இன்னிக்குக் காலையில சேர்த்திருக்கலாமே. அதுவும் ஏதோ ஓசி சிஸ்டம் போட்டுத் திறந்திருக்கீங்க."

இப்போது நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், என்னை நம்ப வேண்டாம். இந்தப் பென் டிரைவையும் நம்ப வேண்டாம். உங்க லேப்டாப்புல, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆளை ஃபோன்ல வெச்சுகிட்டு, இதே லினக்ஸை அதைப் பண்றவங்க இணையதளத்துலேர்ந்து நீங்களே இறக்குங்க. யாரும் காசு கேக்க மாட்டாங்க, எண் கேக்க மாட்டாங்க. டிஸ்க்கைக் கழட்டி உங்க கையில தரேன். நீங்களே திறங்க. நான் அந்தப் பக்கம் போய் நின்னுக்கறேன்."

சொன்னபடியே சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கிடங்கில் குளிர்பெட்டிகளின் முனகலைத் தவிரச் சத்தமே இல்லை. பதினொன்றைத் தாண்டியது. மருந்து ஏற்றும் வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டது.

ஆய்வாளரின் அலுவலகத்துத் தொழில்நுட்பக்காரர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆய்வாளர் தன் கையாலேயே டிஸ்க்கைத் திறந்தார். அதே வரிகள். அதே வரிசை.

"சார், ஒவ்வொரு தடவை தேதி மாறும்போதும் அந்தப் பூட்டிக்கிட்ட சிஸ்டம் ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கும். சாதாரணமா நம்ம கண்ணுல படாது. அதையும் படிக்கச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார் சுவரோரத்திலிருந்து.

படித்தார்கள். கையால் மாற்றியது ஏழு குறிப்பு. ஏழிலும் அவள் பயனர் பெயர். எட்டாவது, ஞாயிறு மாலை இணையம் தானாகத் திருத்தியது: பிப்ரவரி இருபத்தொன்று, மணி ஐந்து இருபத்தொன்பது என்று இருந்ததைச் செப்டம்பர் ஐந்து, மணி ஐந்து நாற்பது என்று ஆக்கியிருந்தது. தேதியில் நூற்றுத் தொண்ணூற்றாறு நாள் வித்தியாசம். அதற்குமேல் பதினோரு நிமிடம்.

"இந்தப் பதினோரு நிமிஷம் எதுக்கு?" என்றார் ஆய்வாளர்.

"கையால மணி வெச்சேன் சார். ஏழு தடவையில கொஞ்சம் கொஞ்சமா பிசகியிருக்கும்."

ஆய்வாளர் மின்வாரிய அலுவலகத்துக்கு அழைத்தார். சனிக்கிழமை இந்தப் பகுதியில் மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டார். எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"நாலு இருபது" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு திரையில் மின்சாரம் போன குறிக்கு நேரே விரலை வைத்தார். நாலு ஒன்பது.

மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் மனசுக்குள் போட்டார்கள். ஆய்வாளர் அதைக் காகிதத்திலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். நாலு ஒன்பதும் பதினொன்றும் நாலு இருபது. பேனாவை மூடிவிட்டு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு பொருத்தமா ஒரு பொய்யை யாராலயும் ஜோடிக்க முடியாது" என்றார். "மருந்து நல்ல மருந்துதான்."

நாத்தனார் விசும்பிவிட்டாள். எட்டு டிகிரி அழவில்லை; ஆய்வாளர் இரண்டாவது காகிதத்தை எடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அரசுப் பதிவில் தேதியை மாற்றியது ஒன்றல்ல, ஏழு முறை. ஏழிலும் அவள் பெயர். விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம்.

"எனக்கும் வேற வழி இல்லம்மா."

"தெரியும் சார். எழுதுங்க."

"அவங்க காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீங்க பேட்டரின்னு சொல்லியிருந்தா நான் மருந்தை எரிச்சிருப்பேன். உங்க மேல ஒரு எழுத்துகூட எழுதியிருக்க மாட்டேன்" என்றார் ஆய்வாளர், காகிதத்தைப் பார்த்தபடி. அப்படிச் சொன்னது அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெட்டியெல்லாம் ஏத்துறதுக்கு இங்க வேற யார் இருக்கா?"

"யாரும் இல்ல சார். நான்தான்."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். நீக்கம் அமலாகும் நேரம் என்ற இடத்தில் மதியம் இரண்டு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். நாத்தனார் கேட்காமலேயே, மருந்து அடுக்கிய பயணப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். "கதவைச் சாத்து, குளிர் போகுது" என்று எட்டு டிகிரி வழக்கம்போல அதட்டினாள். "சரிங்க அண்ணி" என்று நாத்தனாரும் எதிர்த்துப் பேசாமல் சாத்தினாள். ஐம்பத்தாறு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையைப் பார்த்து, எழுதி, முத்திரை ஒட்டி வண்டியில் ஏற்றினார்கள். கடைசிப் பெட்டி ஏறும்போது ஒன்று ஐம்பது. அந்தப் பெட்டியின் சீட்டில் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரையும் எழுதினாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சாவிக்கொத்தை ஆய்வாளரின் கையில் கொடுத்தாள்.