விட்டுப்போனவன் பெண்டாட்டி

இசைவாணியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு மாரிசெல்வி வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே, பட்டாசுக் கம்பெனி வேன்காரன் வாசலில் வந்து நின்றான். எவன் காதுக்கு எப்படித்தான் போகுமோ! மூத்தவன் பாலகுரு மூன்றாவது படிக்கிறான், சின்னதும் பள்ளிக்கூடம் போயாயிற்று, இனி இவளுக்கு வீட்டில் என்ன சோலி என்று அச்சங்குளம் ஊரே முடிவு கட்டிவிட்டது.

“நாளையிலேர்ந்து வாங்கக்கா. சீசனுக்கு ஆள் பத்தல,” என்றான் வேன்காரன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அந்த வேனில் போனவள்தான். பக்கத்து அறையில் தீப்பிடித்த ஒருநாள் எழுந்து ஓடினாள். உயிர் தப்பியது. இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப்போனது. அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தவள் வெளியே வரவேயில்லை. அதோடு சரி. செத்தாலும் இனி வேன் ஏறுவதில்லை என்று இருந்தாள். யார் கூப்பிட்டாலும், “கைப்பிள்ள இருக்குல்ல” என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அந்தச் சாக்கும் போயிற்று. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் பெற்றவளுக்குப் பூரிப்பாக இருக்கும் என்பார்கள். அவளுக்கோ வேன் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தத் தோன்றியது.

புருஷன் முனியராஜும் கம்பெனி வேலைதான். “நான் ஒருத்தன் எம்புட்டுத்தான் இழுக்கிறது? பயந்துக்கிட்டே இருந்தா வயிறு நெறஞ்சிருமா?” என்று அவனும் முனகத் தொடங்கினான்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு உதவியாளர் ஒருத்தி வேண்டும் என்ற பேச்சு வந்தது. இசைவாணியைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அந்தச் சமையல் கூடத்துப் புகையை அவள் பார்த்திருக்கிறாள். அடுப்புத் தீ சொன்னபடி கேட்கிற தீ. விறகை இழுத்தால் அடங்கிவிடும். பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கும். வேன் இல்லை, வெடிமருந்து இல்லை. செய்தால் இந்த வேலைதான் செய்வது என்று அவள் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

யூனியன் ஆபீஸில் போய் விசாரித்தால், “புருஷன் செத்தவுக, புருஷன் விட்டுட்டுப் போனவுகளுக்குத்தாம்மா மொதல்ல. ஒனக்குத்தான் குத்துக்கல்லாட்டம் புருஷன் இருக்கானே,” என்று ஒருவர் சிரித்தார்.

புருஷன் இருப்பது ஒரு குறை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஏங்க, நீங்க என்னைய விட்டுட்டுப் போய்ட்டதா எழுதிக் குடுத்துரட்டுமா? சும்மா, வேலை கெடைக்கிற வரைக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, சுவரில் பல்லி கத்தியது. அவள் பதறித் தரையில் விரலால் தட்டினாள்.

முனியராஜ் சிரித்தான். “எழுதிக்கோ பிள்ள. சிவகாசில எங்க அண்ணன் வீட்டுல கெடந்துட்டுப் போறேன். எனக்கென்ன?”

வீட்டை விட்டுப் போ என்றால் எந்த ஆம்பிளைக்கும் ஒரு முறைப்பாவது வரும். இவன் கொடியில் கிடந்த சட்டையை அப்போதே எடுத்து மடித்தான். அதைப் பார்த்தாவது இந்தக் கூறுகெட்டவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? நமக்காக எம்புட்டுச் சிரமப்படுகிறார் என்று உருகிப்போனாள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பாலகுரு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இசைவாணிக்கு அது ஒரு பாட்டு மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு, “எங்கப்பா எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு,” என்று ராகத்தோடு ஒப்பித்தாள்.

“வேலை கெடைக்கிற வரைக்கும்தான் கண்ணு. கெடைச்சதும் அப்பா வந்துருவாரு,” என்றாள் மாரிசெல்வி.

அவள் எழுதிக் கொடுத்தாள்; முனியராஜ் சிவகாசிக்கென்று கிளம்பினான். முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருட்டின பிறகு கொல்லைப்பக்கமாக வந்தான். கள்ளப் புருஷன் மாதிரி தன் புருஷனே வருவதில் அவளுக்கு ஒரு வெட்கச் சிரிப்புகூட வந்தது. அப்புறம் ஆர்டர் குவிந்துவிட்டது என்றான், வருவது குறைந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணிமணி எடுத்து வேன்காரனிடம் கொடுத்தனுப்பினான், ஆளைக் காணோம். விசாரணைக்கு வருகிற நேரம், சூதானமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டாள். நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற பொய்யை யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள்?

கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். நேரம் பார்த்து வேனிலிருந்து இறங்கி வந்தாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள்.

மாரிசெல்விக்கு உயிரே போய்விட்டது. முனியராஜ் கொல்லைப்பக்கமாக வந்ததைப் பஞ்சம்மாள் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். அதுபோதாதென்று, அவள் நிஜமாகவே புருஷன் விட்டுப்போனவள். இதே வேலைக்கு அவளும் போய் நின்று, வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவள். நான் வேன் ஏற, இந்தப் பொய்க்காரி கரண்டி பிடிப்பாளா என்று அவள் கேட்டால் யார் குற்றம் சொல்ல முடியும்?

“இந்தம்மா வீட்டுக்காரர் வந்து போறதுண்டா?” என்றார் வந்தவர்.

பஞ்சம்மாள் கையெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. மாரிசெல்வியை ஒரு பார்வை பார்த்தாள்.

“இல்லீங்கய்யா. விட்டுட்டுப் போய்ட்டான். இனிமே வரமாட்டான்.”

இசைவாணியும் ஓடிவந்து, யாரும் கேட்காமலே கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். வந்தவர் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் மாரிசெல்வி ஓடிப்போய்ப் பஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, எனக்காக இம்புட்டுப் பெரிய பொய் சொன்னீகளே. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

“நான் எங்க பொய் சொன்னேன்?” என்றாள் பஞ்சம்மாள்.

மாரிசெல்விக்குப் புரியவில்லை.

“எங்க வேன் ஆனைக்குட்டத்துலயும் ஆள் ஏத்தும். அங்கன ஒரு வயசுப் பிள்ள ஏறுது. உம்புருஷன்தான் தூக்குவாளியோட வந்து ஏத்திவிட்டுட்டுப் போறான். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காக. ஆவணியிலேர்ந்து பாக்கேன்.”

“அண்ணன் வீட்டுலன்னு சொன்னாரே...”

“சொல்லுவான்.”

“ஆவணியிலேர்ந்தா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?”

“சொன்னா என்ன செய்வ? தலைய விரிச்சுப்போட்டுக்கிட்டு ஓடுவ. அழுது பொரண்டு இழுத்துட்டு வருவ. அவன் ஒரு மாசம் இருந்துட்டு மறுபடியும் போவான். புருஷன் வந்துட்டான்னு இந்த வேலையும் போகும். அப்புறம் நீயும் என்கூட வேன்லதான் ஏறணும். புருஷன்தான் போய்ட்டான், வேலையாச்சும் நிக்கட்டுமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். திட்டணும்னா திட்டிக்கோ.”

மாரிசெல்வி திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பஞ்சம்மாள் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தையில் வேலை கிடைத்தது. ஆனைக்குட்டத்துக்கு அவள் போகவில்லை. போகலாமா என்று தினமும் காலையில் தோன்றும்; அரிசி களைகிற நேரத்துக்குள் அடக்கிக்கொள்வாள். தன் வாயால் கேட்டு வாங்கியதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? பாலகுரு எதுவும் கேட்காமலே தெரிந்துகொண்டான் போலிருந்தது. இசைவாணியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

முதல்முதலாக அவள் கையால் பரிமாறிய நாளில் சோற்றோடு முட்டையும் இருந்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இசைவாணியின் முறை வந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“யம்மா, வேலைதான் கெடைச்சிருச்சே! இனி அப்பா வந்துருவாருல்ல?”

மாரிசெல்வி தட்டில் சோற்றை வைத்தாள். முட்டையை வைத்தாள். “நகரு கண்ணு. பின்னாடி பிள்ளைக நிக்குதுல்ல.”

இசைவாணி நகரவில்லை. பதில் சொன்னால்தான் போவேன் என்று தட்டோடு நின்றாள்.