ஜன்னலைப் பார்த்து நிற்பவள்

பின்னல் இடுப்புவரை தொங்க ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள், முகம் தெரியவில்லை, எந்தப் புத்தக அட்டையிலும் தெரிந்ததில்லை, நாவல்கள் எத்தனையோ, எழுதியவர்கள் எத்தனையோ பேர், அட்டையில் முதுகைக் காட்டி நிற்பவள் மட்டும் என் செண்பகவல்லி, கல்யாணமான புதிதில் அட்டைப்படம் வரைய வேறு ஆள் கிடைக்காமல் இவளை நிற்கச் சொன்னபோது, நாலு பேர் கையில என் மூஞ்சி புரள வேண்டாங்க, முதுகை வேணா வரைஞ்சுக்கோங்க என்றாள், அதுவே என் பாணியாகிவிட்டது, கடையில் அட்டையைப் பார்த்தே என் பெயரைச் சொன்னார்கள், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது, சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வந்து நிற்பாள், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்தான், இருட்டு, பார்க்க ஒன்றுமில்லை, அப்படியும் சில நேரம் தோள் குலுங்கும், ஆடாதே, என்ன சிரிப்பு என்பேன், ஒண்ணுமில்லங்க, நீங்க வரைங்க என்பாள், அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இல்லை, இதோ நிற்கிறாள், சீயக்காய் வாசனைகூட வருகிறது.

என் அட்டைகளை எல்லாம் வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறார் பதிப்பாளர் நல்லபெருமாள், வாசலில் வைக்க ஒரே ஒரு படம் புதுசா வேணும் சார், அந்தம்மாவோட முகம், வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க என்றார், அதுக்கென்ன என்று ஒத்துக்கொண்டேன், பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் கழுத்து மச்சம் வருகிறது, பின்னலின் ஒவ்வொரு முறுக்கும் வருகிறது, முகம் மட்டும் மாலை போட்ட போட்டோவின் முகமாகவே வருகிறது, அது ரேஷன் கார்டுக்காக விறைத்துக்கொண்டு எடுத்தது, அது அவள் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, கூடவே இருந்தவளின் முகத்தை எங்கே தொலைத்தேன், மகள் பூங்கோதை பார்த்துவிட்டு, எனக்கும் அம்மா ஜாடை கிடையாது, உங்களைத்தான் உரிச்சு வெச்சிருக்கேன், வேணும்னா அம்மா மாதிரி நிக்கறேன், ஞாபகம் வருதா பாருங்க என்று விளக்கைப் போட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள், நான் குனிந்து வரைய ஆரம்பித்தேன், திடீரென்று அவள் தோள் குலுங்கியது, என் கை நின்றுவிட்டது, என்னம்மா சிரிப்பு என்றேன், வரையறப்போ நாக்கைத் துருத்திக்கறீங்கப்பா, சின்னப் பிள்ளை மாதிரி, திரும்பாமலே உனக்கு எப்படித் தெரியும், ஜன்னல் கண்ணாடியில தெரியுதே, நீங்க, மேஜை, எல்லாம்.

முதல்முறையாகக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன், அங்கே இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, மகளின் கண்கள், அப்படியென்றால் அத்தனை சாயங்காலமும் செண்பகவல்லி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், முகம் அங்கேயே இருந்திருக்கிறது, நான் பின்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகை வந்தது, மகள் முன்னால் என்றும் பார்க்காமல் அழுதேன்.

முகம் கடைசிவரை வரவில்லை. கண்காட்சி வாசலில் இருப்பது செண்பகவல்லி ஜன்னலில் பார்த்த படம், இருண்ட கண்ணாடிக்குள் ஒரு விளக்கு, ஒரு மேஜை, நாக்கைத் துருத்திக்கொண்டு, தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கும் ஒருவன்.