சித்தி நடத்திய போட்ஸ்வானா பாடம்

சகலை அனுப்பிய பார்சலைப் பிரிக்க என் மனைவி கத்தரிக்கோல் தேடவில்லை. நகத்தாலேயே கிழித்தாள். உள்ளே குழந்தைகளுக்கான பெரிய படப் புத்தகம் ஒன்றும் மடித்த வரைபடம் ஒன்றும் இருந்தன. அட்டையில் ஒரு யானை, ஒரு ஆறு, கொட்டை எழுத்தில் போட்ஸ்வானா.

“நான் பிள்ளைங்கள இங்க இழுத்துட்டு வர மாட்டேம்மா” என்று சகலை ஏற்கெனவே அவளிடம் போனில் சொல்லியிருந்தார். “இந்த நாடு எப்படின்னு நீயே சொல்லிக்குடு. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு அவங்ககிட்டயே கேக்குறேன். வரேன்னா வரட்டும். இல்லேன்னா உன்கிட்டயே இருக்கட்டும்.”

இப்படி ஒரு வெள்ளந்தியான மனிதரை நான் பார்த்ததில்லை. என் மனைவியின் அக்கா, அதாவது அவர் வீட்டம்மா, இறந்தபோது சின்னவனுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, மருந்துக்கடை வேலைக்காக ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் போட்ஸ்வானாவுக்குப் போனார். மாதம் தவறாமல் பணம் வரும், வாரம் தவறாமல் போன் வரும். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆள். அதுதான் என் மனைவிக்கு எரிச்சல்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இருந்ததெல்லாம் இந்த இரண்டும்தான். சின்னவன் ஒன்றாம் வகுப்பு, ஒல்லிப்பிச்சான், அதனால் குண்டூசி. அவன் அக்காவுக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள். அதனால் நாட்டாமை.

அவர்கள் சித்தி, என் மனைவி, மழலையர் பள்ளியில் டீச்சர். காக்காயைக் காட்டிக் கிளி என்று அவள் சொன்னாலும் பிள்ளைகள் நம்பிவிடும், அப்படி ஒரு குரல். நான் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். என் பேச்சை எங்கள் வீட்டு ஏசிகூடக் கேட்பதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியது. அவள் வரைபடத்தை விரித்து, நீலக் கோடு ஒன்றின் மேல் விரலை ஓட்டினாள்.

“இது ஒக்கவாங்கோ ஆறு. மத்த ஆறெல்லாம் எங்க போகும்?”

“கடலுக்கு” என்றான் குண்டூசி.

“இது போகாது. மணலுக்குள்ள போய் அப்படியே காணாமப் போயிடும்.”

அவன் அந்தக் கோடு முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போடுவதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நீர்யானை வந்தது. பார்க்க அசடு மாதிரி இருக்கும், கோபம் வந்தால் படகையே கவிழ்த்துவிடும் என்றாள். புதன்கிழமை முதலையும் மாம்பா பாம்பும். அப்புறம் கலஹாரிப் பாலைவனம், அங்கே தரைக்கு மேல் தண்ணீரே பார்க்க முடியாது. அப்புறம் உப்புப் பாலைவனம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே வெள்ளை, ஒதுங்க நிழல் கிடையாது. கடைசியாகச் சிங்கம். சிங்கத்தை அவள் அவசரமே படாமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதுதான் கொடுமை. எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அவள் சில பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாகத் திருப்பினாள். அந்தப் பக்கங்களில் மனிதர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது. நாட்டாமைக்கும் தெரிந்தது, அவள் கண் அந்தப் பக்கங்களோடு திரும்பியதை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை குண்டூசி சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை காலை படுக்கை நனைந்திருந்தது. பேச்சு வந்த பிறகு அப்படி ஆனதே இல்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கருவிப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“சித்தப்பா, பெரிய ஸ்பேனர் ஒண்ணு வேணும்.”

“எதுக்குடா? பள்ளிக்கூடத்தக் கழட்டப் போறியா?”

“அப்பாவுக்கு அனுப்பணும். ராத்திரி கடையச் சாத்திட்டு அப்பா தனியாத்தான் நடந்து வருவாரு.”

இவன் தனக்காகப் பயப்படவே இல்லை. சமையலறைக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

“போதும். பையன் அவங்க அப்பாவ நெனச்சு செத்துப் பொழைக்கிறான்.”

அவள் அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்புறம் நானே எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்.”

“அதுக்குள்ள அவன் என்ன ஆவான்?”

“நான் என்ன ஆவேன்னு யாராவது கேட்டீங்களா?” என்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “ஒண்ணரை வயசுலேர்ந்து என் தோள்ல தூங்குனவன். எவ்வளவு ஈசியா கேக்குறாரு பாருங்க, வர்றியா வரலியான்னு. என்னை யாரு கேட்டா?”

நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கும் அந்த இரண்டும் போகக்கூடாது. அவள் செய்கிற வேலையில் கிடைக்கப்போவதில் எனக்கும் பங்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தால் கூடத்தில் நாற்காலிகள் பிறைநிலா மாதிரி வளைத்துப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்த போன். நாட்டாமை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இது கோட்லா. அங்க ஏதாவது முடிவு பண்ணணும்னா ஊரே இப்படித்தான் உக்காருவாங்க. யாரு வேணா பேசலாம். ஒருத்தர் பேசும்போது குறுக்க பேசக்கூடாது. தலைவர் எல்லாருடையதையும் கேட்டுட்டுக் கடைசியாத்தான் பேசுவாரு.”

“இது எங்கடி இருக்கு?” என்றாள் என் மனைவி. முகம் வெளுத்துவிட்டது.

“நீங்க திருப்புன பக்கத்துல” என்றாள் நாட்டாமை, சாதாரணமாக.

“தலைவர் யாரு?” என்று கேட்டேன்.

“வேற யாரு, நான்தான்.”

போன் அடித்தது. திரையில் சகலை சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். விதிகளைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பேசினார். முற்றத்தோடு வீடு பார்த்திருக்கிறாராம், பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. “வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். வரலேன்னா கோவிச்சுக்க மாட்டேன்.” கடைசி வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்கினார்.

“அடுத்து தம்பி” என்றாள் நாட்டாமை.

குண்டூசி எழுந்து நின்றான். என் மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நான் வரல” என்றான். “நீ வந்துடுப்பா. இன்னைக்கே வந்துடு. கதவ நல்லா சாத்திக்கோ. ஆத்துப் பக்கம் போகாத, அது மணலுக்குள்ள போயிடும், நீயும் போயிடுவ. சிங்கம் வந்தா ஓடாத.” அதற்குமேல் முடியாமல் தேம்பினான்.

சகலை முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “கண்ணு, இதெல்லாம் உனக்கு யாரு...”

“குறுக்க பேசக்கூடாது” என்றாள் நாட்டாமை. “அடுத்து சித்தப்பா.”

டிவியில் பார்த்திருப்பான் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அதோடு விஷயம் முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. “எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தொடைநடுங்கி என்று என்னைத் திட்டுவதென்றால் திட்டலாம்.

“சித்தி.”

அவள் எழவில்லை. குண்டூசி வரல என்று சொல்லியாகிவிட்டது. அவள் சும்மா இருந்தாலே போதும், அவள் கேட்டது கிடைத்துவிடும். பையன் இன்னும் விக்கிக்கொண்டிருந்தான்.

“நான்தான் அத்தான் சொன்னேன்” என்றாள் போனைப் பார்த்து. பிறகு பையன் பக்கம் திரும்பினாள். “அப்பா இருக்குறது பெரிய டவுன்டா. ரோடு, பஸ், லைட்டு எல்லாம் இருக்கு. சிங்கமெல்லாம் ரொம்ப தூரத்துல காட்டுல இருக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போயிடுவீங்களோன்னு நான்தான் பயமுறுத்துற பக்கத்த மட்டும் காட்டுனேன். தப்புதான்.”

“நெஜமாவா? அப்பாவ ஒண்ணும் பண்ணாதா?”

“சத்தியமா.”

அவன் சட்டையில் மூக்கைத் துடைத்தான். “அப்ப போலாம்” என்றான். அவ்வளவுதான். ஒரு வாரமாகக் கட்டிய கோட்டை ஒரே நொடியில் போயிற்று. “எப்பப்பா போறோம்?”

என் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாட்டாமை பார்த்தாள், அப்புறம்தான் பேசினாள். “எனக்கு இங்கதான் இருக்கணும். ஆனா இவன் போனா நானும் போகணும். ராத்திரி இவனுக்கு யாரு லைட்டு போடுவா? அதனால போறோம். முடிஞ்சுது.”

திரையில் சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குண்டூசிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஸ்டூலுக்கு ஓடிப்போய்க் கேட்டான். “ஃபிளைட்டுல நான் ஜன்னல் பக்கம். சித்தி என் பக்கத்துல. அப்பா, சித்திக்குத் தனி ரூம் இருக்கா, எங்க கூடவா?”

அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

“சித்தி வர மாட்டேன்டா” என்றாள் அவள். “நானும் சித்தப்பாவும் இங்கதான் இருப்போம்.”

வாரம் முழுக்க எத்தனை மிருகம், எத்தனை பாலைவனம் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. பையன் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“அப்ப நான் போகல. சிங்கம் இல்லேன்னாலும் போகல.”

அவள் கைகள் அவனைச் சுற்றி இறுகின. அவள் தலையாட்டினால் போதும், யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானும் மனதுக்குள் ஆட்டு, ஆட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். “உனக்கு மீர்கேட் பத்திச் சொன்னேனா?” என்றாள். அந்த டீச்சர் குரல்.

“இல்ல.”

“கீரி மாதிரி இருக்கும், இத்தனூண்டு. கலஹாரியில கூட்டமா இருக்கும். எல்லாம் பூச்சி தோண்டித் தின்னும்போது, ஒண்ணு மட்டும் ரெண்டு கால்ல நின்னு காவல் காக்கும். கழுகு வந்தா சத்தம் போடும். எல்லாம் வளைக்குள்ள ஓடிடும்.”

“எப்பவும் அதேதான் நிக்குமா?”

“முறை வச்சு மாத்திக்கும்.”

“எனக்கு வேணாம்” என்றான் அவள் தோளுக்குள்.

“அங்க மழைக்கு புலான்னு பேரு. காசுக்கும் அதேதான் பேரு. மழை வந்தா அவ்வளவு சந்தோஷம். வரிக்குதிரை ஆயிரக்கணக்குல ஒண்ணா நடந்து போகும், பாக்கலாம். படகுல ஆளு நின்னுகிட்டே கம்பால தள்ளிட்டுப் போவாரு, நடுவுல அல்லிப்பூ. யாரையாவது பாத்தா துமேலான்னு சொல்லணும். எங்க, சொல்லு.”

அவன் சொல்லவில்லை. அவள் விடவில்லை. தாண்டிப்போன பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்; குரல் உடைந்தபோது தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அவன் “சரி, போறேன்” என்று சொல்லும்வரை அவள் நிறுத்தவில்லை.