சிவகௌரியின் முதல் சேர்வர்

சிவகௌரிக்குப் பத்து வயதில் பார்வை மங்கத் தொடங்கி, பதினான்கில் முழுதும் போய்விட்டது. இப்போது வயது முப்பத்தெட்டு. இணுவிலில் தங்கை பிரசாந்தியின் குடும்பத்தோடு இருக்கிறாள். யாழ்ப்பாண நகரில் ஓர் அரச அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளர் வேலை.

உயர்தர வகுப்புப் பாடப்புத்தகங்களைப் பிரசாந்தி வாசிக்க, அதைப் பதிவு செய்து வைப்பது இருவருக்கும் ஆறு வருடப் பழக்கம். நானூற்றுக்கு மேல் பதிவுகள் சேர்ந்துவிட்டன. பார்வையற்ற பிள்ளைகள் கேட்கும்போது சிவகௌரி பென்ட்ரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடுவாள். பென்ட்ரைவ் திரும்பி வராது. வந்தால் அதில் யாருடையதோ கலியாண வீடியோ இருக்கும். எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் வைத்து, வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் கேட்கச் செய்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை என்று நினைத்தாள்.

கொக்குவில் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் கீர்த்திகன் என்பவன் இலவசமாகக் கணினி வகுப்பு நடத்துவதாக ஒருநாள் கேள்விப்பட்டாள். இருபத்தொன்பது வயதுக்காரன், வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். கிளவுட்டில் முதல் சேர்வரை எப்படி அமைப்பது என்பதுதான் பாடம். பிரசாந்தி அவளைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தியபோது அவன் கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, இது முழுக்க ஸ்க்ரீனைப் பாத்துச் செய்யிற வேலை. உங்களுக்குக் கஷ்டமாய் இருக்கும்."

"ஸ்க்ரீனிலை எழுத்து இருந்தால் என்ரை லப்டொப் வாசிச்சுச் சொல்லும் தம்பி. படத்தைத்தான் அதுக்கு வாசிக்கத் தெரியாது. படம் போட்ட குறிப்புக்குப் பதிலா எழுத்திலை தந்தால் காணும்."

அடுத்த கிழமைக்குள் கீர்த்திகன் தன் குறிப்பு முழுவதையும் படமே இல்லாமல் திருப்பி எழுதி அனுப்பிவிட்டான். அந்த ஒரு காரியத்துக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"சேர்வர் எண்டால் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கொம்பியூட்டர். அவ்வளவுதான்," என்று அவன் வகுப்பில் சொன்னான். "வீட்டிலை வைச்சால் கரண்ட் போனவுடனை அதுவும் நிண்டிடும். அதாலை வேறை ஆக்களின்ரை பெரிய மெசினிலை ஒரு சின்னப் பங்கை எங்களுக்கெண்டு எடுக்கிறம்."

சேர்வர் தரும் கம்பனியிடம் கணக்குத் திறப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. நீங்கள் மனிதர்தானா என்று அதன் இணையத்தளம் கேட்டு, பஸ் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. படத்துக்குப் பதிலாக ஒலியைத் தெரிவு செய்தாள். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கில எண்களை முணுமுணுத்தார்கள். மூன்றாம் தரம்தான் சரிவந்தது. அதன் பிறகு எல்லாம் இலகுவாகப் போயிற்று. சிங்கப்பூரில் உள்ள மெசினைத் தெரிவு செய்தாள். ஆகச் சிறிய அளவை எடுத்தாள். சேர்வருக்கு 'வாசிப்பு' என்று பெயர் வைத்தாள். கறுப்புத் திரையில் கட்டளைகளை அடிக்கும் கட்டம் வந்ததும் மற்றவர்கள் திணறினார்கள். அங்கே வெறும் எழுத்துத்தான். சிவகௌரி ஒரு வரி அடிப்பாள். சிங்கப்பூர் ஒரு வரி பதில் சொல்லும். காதுக்குள் அதைக் கேட்டு அடுத்த வரிக்குப் போவாள். தொலைபேசியில் ஆளோடு கதைப்பதுபோலவே இருந்தது. இரண்டாம் வகுப்பு முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது குறிப்பின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். பதினொரு பதிவுகளை ஏற்றியும்விட்டாள். மற்ற ஏழு பேரும் இன்னும் பாதியில் நின்றார்கள்.

கடைசிப் பக்கம் ஃபயர்வோல் பற்றியது. சேர்வரைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டி, நாங்கள் சொல்லும் வாசல்களை மட்டும் அது திறந்துவிடும்படி செய்யும் வேலை. குறிப்பில் இருந்தபடியே வரிவரியாக அடித்தாள். "செய்யவா?" என்று கேட்டது. ஓம் என்று கொடுத்தாள்.

ஐந்து நிமிடம் போயிருக்காது, மண்டபத்து விசிறிகள் நின்றன. கரண்ட் போய்விட்டது. லப்டொப்புகள் பற்றரியில் ஓடின, ஆனால் ரவுட்டர் நின்றதால் எல்லோருடைய இணைப்பும் அறுந்தது. கரண்ட் திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் சேர்வருக்குள் போனார்கள். சிவகௌரியால் மட்டும் போக முடியவில்லை. கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, நேரம் கடந்துவிட்டது என்று லப்டொப் வாசித்தது.

கீர்த்திகன் வந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கையோ பிழையாய் அடிச்சிருப்பியள் அக்கா. பரவாயில்லை. முதல்தரம் எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால்கூட எல்லோரும் முதலில் தன் பக்கம் திரும்புவார்கள் என்பதை அவள் சிறுவயதிலிருந்து அறிவாள். ஓட்டோவில் வீடு போகும்போது பிரசாந்தி இரண்டு தரம் கேட்டும், "தலையிடிக்குது," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்து குறிப்பை முதல் வரியிலிருந்து மெதுவாகக் கேட்டாள். தான் எங்கே பிழைவிட்டோம் என்று தேடுவதை நிறுத்தி, குறிப்பு என்னதான் செய்யச் சொல்கிறது என்று பார்த்தாள். இணையப் பக்கம் வெளியே போகும் வாசலைத் திறக்கச் சொல்கிறது. மதிலைக் கட்டச் சொல்கிறது. உரிமையாளர் உள்ளே போகும் வாசல்? கடைசிப் பக்கத்தை மூன்று தரம் கேட்டாள். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஏற்கெனவே உள்ளே நின்றதால் மதில் எழும்பியது தெரியவில்லை. கரண்ட் போய் ஒருதரம் வெளியே வந்ததும் கதவு இல்லை.

கீர்த்திகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, கடைசிப் பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ. நாங்கள் உள்ளை போற வாசலைத் திறக்கிற வரி எங்கை இருக்கு?"

மறுபக்கம் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"இல்லை அக்கா," என்றான். "என்ரை சேர்வரிலை அந்த வாசல் முதலே திறந்திருந்தது. அதாலை எனக்குத் தெரியேல்லை. மற்ற ஆக்கள் அந்தப் பக்கத்துக்கே வரேல்லை." குரல் தாழ்ந்தது. "யோசிக்காமல் உங்களிலை பிழை சொல்லிப்போட்டன். குறை நினையாதேங்கோ."

"சரி விடுங்கோ. இப்ப என்ன வழி?"

"சேர்வர் தாற கம்பனியின்ரை இணையத்தளத்தாலை உள்ளை போக ஒரு யன்னல் இருக்கு. ஆனால் அது படமாய்த்தான் வரும், உங்கடை லப்டொப் வாசிக்காது. நான் வீட்டை வந்து திறந்துவிடுறன்."

சிவகௌரி யோசித்தாள். வரச் சொன்னால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

"வேண்டாம் தம்பி. இன்னொரு நாள் பூட்டுப்பட்டால் அப்பவும் உங்களைத்தான் கூப்பிட வேணும். அதை அழிச்சுப்போட்டுப் புதுசா ஒண்டு செய்யிறன்."

"ஏத்தினதெல்லாம் போயிடும் அக்கா."

"பதினொண்டுதானே. மூலம் எல்லாம் வீட்டிலை இருக்கு."

அழிக்க வேண்டுமானால் சேர்வரின் பெயரை அடித்து உறுதி செய்யும்படி இணையத்தளம் கேட்டது. 'வாசிப்பு' என்று அடித்தாள். பிறகு புதிதாகத் தொடங்கினாள். இரண்டு வகுப்புகள் எடுத்த வேலை இந்தத் தரம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. மதிலைக் கட்டுவதற்கு முன் தன் வாசலைத் திறந்தாள். பிறகு வேண்டுமென்றே ரவுட்டரை நிறுத்திப் போட்டு, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். சிங்கப்பூர் உடனே பதில் சொன்னது. குசினியில் நின்ற பிரசாந்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் ஈரக் கையோடு வந்து அக்காவின் தோளைப் பிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை கீர்த்திகன் திருத்திய பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பிழை தன்னுடையது, கண்டுபிடித்தது சிவகௌரி அக்கா என்று சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கினான்.

நானூறு பதிவுகளையும் ஏற்றி முடிக்க மூன்று கிழமை பிடித்தது. முன்பு பதிவு கேட்ட பிள்ளைகளுக்கு இணைய முகவரியை அனுப்பினாள். நான்கு நாள் ஒருவரிடமிருந்தும் ஒரு பேச்சும் இல்லை. ஐந்தாம் நாள், ஞாயிறு மதியம், சாவகச்சேரியிலிருந்து தர்சிகா என்ற பிள்ளை எடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு.

"அன்ரி, இந்து நாகரிகம் ஆறாம் பாடத்திலை ஒரு பக்கம் விடுபட்டுப்போச்சு. வாசிச்சவ ரெண்டு பக்கத்தைச் சேத்துப் பிரட்டிப்போட்டா போலை."

"அவ்வளவு தூரம் கேட்டிட்டீங்களோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. இண்டைக்குக் காலமை முழுக்க அதுதான் கேட்டனான். அடுத்த கிழமை சோதினை. அந்தப் பக்கத்தைக் கெதியா போடுவியளோ?"

"பின்னேரத்துக்குள்ளை போடுறன்," என்றாள் சிவகௌரி. தொலைபேசியை வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தை எடுத்து வரச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டாள்.